அத்தியாயம் 6: ஊருக்கு ஊர் நடை – கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கம்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் மீஞ்சூரைத் தாண்டியதும் வெளியே பாருங்கள். ஏரிக்கரையும் பனைமரமும் நெல்வயலும் ஒரு பக்கம். ஆலைச் சுவரும் லாரி வரிசையும் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஊர்களைக் கோத்துக்கொண்டு சின்னச் சின்னச் சாலைகள் போகின்றன. ஒரு ஸ்டேஷனில் இறங்கி அடுத்த ஸ்டேஷன்வரை அந்தச் சாலைகள் வழியே நடப்பது எப்படி என்பதும், திருவள்ளூர்ப் பக்கத்துக் காட்டுப்பாதை ஒன்றில் பத்திரமாகப் போய்வருவது எப்படி என்பதும்தான் இந்த அத்தியாயம்.

ஒன்றை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. நிலம் சமதளம், ஆரோக்கியமாக இருக்கும் எவரும் 6 கிலோமீட்டர் நடந்துவிடலாம். ஆபத்தெல்லாம் சாலை ஓரத்தில்தான். அதனால் எந்த வழியில் போவது என்று வீட்டிலேயே முடிவுசெய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பாதைகளைத் தரம் பிரியுங்கள்

இங்கே நான்கு வகைப் பாதைகள் உண்டு. கீழே உள்ள வரிசைப்படியே தேர்ந்தெடுங்கள்.

1. ஊராட்சிச் சாலை. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குப் போகும் ஒற்றைத் தார்ச்சாலை. பைக்கும் மினி பஸ்ஸும் டிராக்டரும் வரும். பெரிய லாரி குறைவு. உங்கள் நடையில் பெரும்பகுதி இதில்தான் அமைய வேண்டும்.
2. ஏரிக்கரை. நிழலும் காற்றும் கிடைக்கும். மழைக்காலத்தில் மட்டும் தவிர்க்க வேண்டும்.
3. மாவட்ட, மாநிலச் சாலை. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலை போன்றவை. இதை டி.பி.பி. சாலை என்றால் எல்லோருக்கும் தெரியும். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகப் போக்குவரத்தால் கன்டெய்னர் லாரிகள் அதிகம். தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும், கொஞ்ச தூரத்துக்கு.
4. ஜி.என்.டி. சாலை. கொல்கத்தாவரை போகும் தேசிய நெடுஞ்சாலை 16. இதில் நடக்காதீர்கள், குறுக்கே கடக்க மட்டும் செய்யுங்கள். வேறு வழியே இல்லையென்றால் அணுகு சாலையில் நடக்கலாம்.

காப்புக்காட்டுப் பாதை இந்த வரிசையில் சேராது. அதற்குத் தனி ஒழுங்கு உண்டு, பின்னால் வருகிறது.

எப்போது கிளம்புவது

மார்கழி பிற்பாதியிலிருந்து மாசிவரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகளில் தண்ணீர் நிற்கும், வெயிலும் சுடாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டம் கலையும்வரை சாலையில் இறங்காதீர்கள். மூட்டத்தில் உங்களுக்கு லாரி தெரிவதற்கு முன்பே அது பக்கத்தில் வந்திருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பெருகினால் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்தி பாருங்கள். மே மாதத்து அக்னி நட்சத்திர நாட்களில் நடையே வேண்டாம்.

குறிப்பு: பல ஆலைகளில் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 மணிக்கு ஷிஃப்ட் மாறும். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் கம்பெனி பஸ்களும் பைக்குகளும் சிப்காட் தொழிற்பேட்டைச் சாலைகளை அடைத்துக்கொள்ளும். உங்கள் வழி சிப்காட் அருகே போனால், அந்த இடத்தைக் காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் தாண்டும்படி கணக்குப் போடுங்கள்.

வழியை வகுக்க எட்டுப் படிகள்

1. இரண்டு ஸ்டேஷன்களைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று வரிசையாக இருக்கின்றன. முதல் நடைக்கு அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்கள் போதும்.
2. கைபேசி வரைபடத்தைச் செயற்கைக்கோள் படமாக மாற்றிப் பாருங்கள். ரயில் பாதைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் ஊர்களைத் தொட்டுப் போகும் மெல்லிய கோடுகளைத் தேடுங்கள்.
3. வரைபடம் தானாகக் காட்டும் நடைவழியை அப்படியே ஏற்காதீர்கள். அது குறுக்குவழியைத்தான் தேடும். அந்தக் குறுக்குவழி ஆலை வளாகத்துக்குள்ளும் போகலாம், நெடுஞ்சாலை ஓரத்திலும் போகலாம்.
4. ஆறு, கால்வாய், ரயில் பாதை, நெடுஞ்சாலை ஆகியவற்றை எங்கே கடக்கப் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். பாலம், ரயில்வே கேட், சுரங்கப்பாதை ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் வழியை மாற்றுங்கள்.
5. மொத்த தூரத்தைக் கணக்கிடுங்கள். ரயில் பாதையில் 6 கி.மீ. என்றால், ஊர்ச் சாலைகளில் சுற்றிப் போகையில் 8 கி.மீ. கூட ஆகும்.
6. நேரம் போடுங்கள். தார்ச்சாலையில் மணிக்கு 4 கி.மீ., காட்டுப்பாதையில் மணிக்கு 2 அல்லது 3 கி.மீ. மணிக்கொரு தடவை பத்து நிமிட ஓய்வையும் கணக்கில் சேருங்கள்.
7. நடுவில் விட்டு விலகும் இடங்கள் இரண்டைக் குறியுங்கள். பஸ் நிற்கும் கூட்ரோடு, ஷேர் ஆட்டோ கிடைக்கும் ஊர் எதுவானாலும் சரி.
8. திரும்பிவர வேண்டிய ரயில்களின் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பொன்னேரிக்கு வடக்கே நடுப்பகலில் இடைவெளி நீளும். ஒரு ரயிலை மட்டும் நம்பாமல் அடுத்ததையும் குறியுங்கள்.

வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொண்டால் வழி வகுக்கும் வேலை முடிந்தது.

பையில் என்னென்ன

- தண்ணீர், ஆளுக்கு 2 லிட்டர். ஆலைப்பகுதியில் குழாய், கிணறு, கால்வாய்த் தண்ணீரைக் குடிக்கவோ கால் கழுவவோ பயன்படுத்த வேண்டாம்.
- ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டிக் கரைத்தால் அளவு கெட்டுவிடும்.
- தொப்பி அல்லது துண்டு, முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை. வெளிர் நிறமாக இருக்கட்டும். வெயிலுக்கும் நல்லது, ஓட்டுநர் கண்ணிலும் படும்.
- ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை. சாலைப் பணியாளர் போடும் வகையே போதும்.
- தடித்த அடிப்பகுதி உள்ள ஷூ, பருத்திக் காலுறை, மாற்றுக்கு இன்னொரு ஜோடி.
- இடுப்புயரக் கைத்தடி. நாய்க்கும் முள்ளுக்கும் புதருக்கும் உதவும்.
- ஊசி, சிறு இடுக்கி, பிளாஸ்திரி, சோப்புத் துண்டு, விசில்.
- அடையாள அட்டை. ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் சோதனைச்சாவடி உண்டு, கேட்டால் காட்டலாம்.

செருப்போடு கிளம்புவதுதான் இங்கே அதிகம் பேர் செய்யும் தவறு. ஏரிக்கரை முழுக்க வேலிகாத்தான் மண்டிக் கிடக்கிறது. அதன் காய்ந்த கிளை மண்ணில் பாதி புதைந்திருக்கும். முள் மட்டும் மேலே நிற்கும். ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை அது ஒரே மிதியில் துளைத்துவிடும். முனை உள்ளே ஒடிந்து நின்றால் அன்று இரவே கால் வீங்கிவிடும். தைத்த முள்ளை அங்கேயே உட்கார்ந்து முழுதாக எடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டி.டி. ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லாரி ஓடும் சாலையில் நடக்கும் முறை

1. எப்போதும் சாலையின் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியைவிடக் கண்ணுக்கு முன்னால் வரும் வண்டி பாதுகாப்பானது.
2. வரிசையாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் ஒளிர்சட்டை போட்டிருக்கட்டும். பிள்ளைகள் நடுவில்.
3. வலப்பக்க வளைவில் எதிர் வண்டி தெரியாது. அங்கே மட்டும் முன்கூட்டியே எதிர் ஓரத்துக்கு மாறி, வளைவு முடிந்ததும் திரும்பி வாருங்கள்.
4. லாரி கடக்கும்போது நின்றுவிடுங்கள். பெரிய டிரெய்லர் போகும் வேகத்தில் எழும் காற்று ஆளைத் தள்ளும்.
5. காதில் இயர்போன் வேண்டாம்.
6. நெடுஞ்சாலையைச் சுரங்கப்பாதையிலோ நடைமேம்பாலத்திலோ மட்டும் கடக்கவும். நடுத்தடுப்பில் எல்லோரும் ஏறிக் குதிக்கும் இடைவெளி இருந்தாலும் அது வழி அல்ல.

கூட்ரோட்டில் கவனம்: தச்சூர் கூட்டுச்சாலை போன்ற இடங்களில் டிரெய்லர் திரும்புவதைக் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பாருங்கள். முன்பகுதி அகலமாக வளைந்து போகும். பின்சக்கரங்கள் அந்தத் தடத்தில் போகாது. மூலையை ஒட்டி உள்வாங்கி, மண் ஓரத்தின் மேலேயே ஏறிப் போகும். மூலையில் நிற்பவருக்கு லாரி தன்னைத் தாண்டிவிட்டது என்று தோன்றும் நொடியில்தான் பின்சக்கரம் அவர் காலடிக்கு வரும். ஓட்டுநருக்கு அந்த இடம் கண்ணாடியில் தெரியாது. அதனால் மூலையில் நிற்கவே கூடாது. திருப்பத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று, வண்டி முழுதாக நேரான பிறகு நகருங்கள்.

நிறுத்திய லாரிகள்: சிப்காட் வாசலிலும் டீக்கடை எதிரிலும் லாரிகள் ஓரத்தை அடைத்து நிற்கும். வயல் பக்கமாகச் சுற்றிப் போக இடம் இருந்தால் அந்த வழி. இல்லாவிட்டால் நின்று, எதிர்ப்பக்கம் பார்த்து, சாலை காலியானதும் ஒரே மூச்சில் தாண்டுங்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழையாதீர்கள். லாரி நிழலில் உட்காரவும் வேண்டாம்.

தண்டவாளம் பாதை அல்ல

ஊர்க்காரர்கள் தண்டவாளத்தை ஒட்டி நடப்பதைப் பார்ப்பீர்கள். நேர்வழி என்பதால் உங்களுக்கும் ஆசை வரும். வேண்டாம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ரயில்வே நிலத்தில் அத்துமீறி நுழைந்தால் 6 மாதம்வரை சிறை, 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. இது சென்னையிலிருந்து விஜயவாடா வழியாக வடக்கே போகும் பிரதான பாதை. புறநகர் ரயில் வேகத்தை மனதில் வைத்துத் திரும்பிப் பார்ப்பீர்கள். வருவது எக்ஸ்பிரஸாக இருக்கும். மின்சார ரயில் சத்தமும் பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும்.

பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே ஆரணி ஆறு ஓடுகிறது. ஆற்றைச் சாலைப் பாலத்தில் மட்டுமே தாண்ட வேண்டும். ரயில் பாலத்தில் ஏறிவிட்டால் ஒதுங்க இடம் இருக்காது.

ஏரிக்கரையும் வரப்பும்

1. கரைமேல் ஏறுவதற்கு முன் ஊரில் ஒருவரிடம் கேளுங்கள்: “இந்தக் கரை மேலயே அடுத்த ஊருக்குப் போயிடலாமாங்க?” கரை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே வேலி போட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எல்லையோர ஊர்களில் தெலுங்கு பேசுவோர் அதிகம். ஆலைகளைச் சுற்றி வடமாநிலத் தொழிலாளர்கள் இருப்பார்கள். ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொன்னாலே கை காட்டுவார்கள்.
2. கலங்கலில் தண்ணீர் வழிந்தால் அதன் மேல் நடக்காதீர்கள். கணுக்கால் அளவே ஓடினாலும் பாசி வழுக்கும்.
3. மதகு அருகே மண் இளகியிருக்கும். ஓரத்தில் கால் வைக்க வேண்டாம்.
4. வரப்பில் போக வேண்டியிருந்தால் பயிர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நாற்று நட்ட புதிதில் வரப்பு ஈரமாக இருக்கும், மிதித்தால் உடையும்.
5. புல் அடர்ந்த இடத்தில் தடியால் தட்டிக்கொண்டே போங்கள். கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பழகுவதற்கு மூன்று நடைகள்

முதல் நடை: அனுப்பம்பட்டு – பொன்னேரி. ஸ்டேஷன்களுக்கு இடையே ஏறக்குறைய 4 கி.மீ. புதியவருக்கும் பெரியவருக்கும் ஏற்றது. பொன்னேரியில் ஆரணி ஆற்றங்கரை அகத்தீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம். முடிந்தவரை டி.பி.பி. சாலையைத் தவிர்த்து உள்ளூர்ச் சாலைகளைக் கோத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நடை: ஜி.என்.டி. சாலை – சிறுவாபுரி. நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே சுமார் 3 கி.மீ. போனால் சின்னம்பேடு என்கிற சிறுவாபுரி. சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை முருகனைக் கும்பிட வருபவர்களால் செவ்வாயன்று சாலையில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். நடைப் பயிற்சி உங்கள் நோக்கமானால் வேறு நாளில் வாருங்கள். செவ்வாயன்றுதான் வருவேன் என்பவர்கள் விடிந்ததும் நடையைத் தொடங்கி, கூட்டம் சேருமுன் திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் நடை: கவரைப்பேட்டை – கும்மிடிப்பூண்டி. முழுப் பயிற்சிக்கு இதுதான். சாலை வழியாக 8 கி.மீ. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே போவதால், எந்தப் பக்கம் நடப்பது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, முடிந்தவரை அதே பக்கத்தில் இருங்கள். நடுவில் பக்கம் மாறினால் ஒவ்வொரு முறையும் ஆறுவழிச் சாலையைக் கடக்க வேண்டிவரும். கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது களைத்திருப்பீர்கள். வண்டிகளும் அங்கேதான் அதிகம். ஊருக்கு 2 கி.மீ. முன்னால் கட்டாயம் ஓர் ஓய்வு எடுங்கள்.

காட்டுப்பாதை: பூண்டி – குடியம்

திருவள்ளூருக்கு வடமேற்கே, 1944-இல் கட்டி முடித்த பூண்டி சத்தியமூர்த்தி சாகர் ஏரியைத் தாண்டி, அல்லிக்குழிக் குன்றுகளில் குடியம் குகைகள் இருக்கின்றன. பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்; 2011-இல் வெளியான ஆய்வு, அவற்றில் பழையவை 15 லட்சம் ஆண்டுகள் முந்தையவை என்று காட்டியது. மனிதக் கால் மிக நெடுங்காலமாக நடந்த மண் இது.

1. அனுமதி முதலில். இது காப்புக்காடு. அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகின. 2024-இல் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம்.
2. கோடையைத் தவிருங்கள். தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். தீப்பெட்டி, பீடி, சிகரெட் எதுவும் பையில் இருக்கக் கூடாது.
3. பூண்டியில் நின்று போங்கள். அங்கே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கைக்கோடரி எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால் பாதையில் கிடக்கும் கல்லையும் மதிப்பீர்கள்.
4. வழிகாட்டியின் பின்னால் நடங்கள். வெட்டவெளி மாதிரித் தெரியும் முட்காட்டில் ஒரே மாதிரிக் கிளைப்பாதைகள் பிரியும். ஆடு மேய்ப்பவர் தடத்துக்கும் நடைபாதைக்கும் புதியவருக்கு வித்தியாசம் தெரியாது.
5. கால் வைப்பதில் நிதானம். பாதை நெடுக உருண்டைக் கூழாங்கற்கள். இறக்கத்தில் இவை காலுக்கடியில் உருளும். சிறு எட்டுகளாக, பாதத்தை முழுதாகப் பதித்து இறங்குங்கள்.
6. குகையில் குரலைத் தாழ்த்துங்கள். பாறை முகட்டில் மலைத்தேனீ கூடு கட்டும். சத்தம், புகை, வாசனைத் திரவியம் மூன்றும் ஆகாது. கூட்டுக்கு நேர்கீழே நிற்க வேண்டாம்.
7. கல் எதையும் எடுக்காதீர்கள். தொல்பொருளை எடுத்துச் செல்வது சட்டப்படி தவறு. இடத்தை விட்டு நகர்ந்த கருவி ஆய்வுக்கும் பயன்படாது.

போக, வர அரை நாள் ஒதுக்குங்கள். காட்டுக்குள் கடை கிடையாது. தண்ணீரை ஆளுக்கு 3 லிட்டராக்குங்கள்.

அவசரம் வந்தால்

பாம்புக்கடி. கடித்தவரை உட்கார வைத்து, பயம் போக்கப் பேசுங்கள். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை மட்டையால் அசையாமல் கட்டி, 108-ஐ அழையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் கூடாது. பாம்பைத் தேடிப் போகாதீர்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மூன்றிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. எது அருகில் என்பதைக் கிளம்புமுன்பே குறித்திருக்க வேண்டும்.

நாய். ஓடாதீர்கள். நின்று, தடியைத் தரையில் ஊன்றி, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்குங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

வெயில் தாக்கம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் நடை அங்கேயே முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் குளிர்வித்து, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

தேனீ. முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள். கையால் அடித்தால் இன்னும் அதிகமாகச் சூழும்.

எண்கள்: ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112, தேசிய நெடுஞ்சாலை 1033, ரயில் 139, பெண்கள் உதவி 181. கைபேசியிலும் வையுங்கள், தாளிலும் எழுதி வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- முதல் நாளே 15 கி.மீ. போடுவது. நான்கில் தொடங்கி, உடம்பு பழகப் பழகக் கூட்டுங்கள்.
- தாகம் எடுத்த பிறகு குடிப்பது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் குடித்துக்கொண்டே போக வேண்டும்.
- கொப்புளம் பெரிதாகும்வரை பொறுப்பது. குதிகால் எரிய ஆரம்பித்ததும் உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள்.
- ஆலை வாசலில் நின்று படம் எடுப்பது. காவலாளி தடுத்தால் அது அவர் வேலை; வாக்குவாதம் வேண்டாம்.
- பாதை தப்பிய பிறகும் ‘கொஞ்ச தூரம் பார்ப்போம்’ என்று போவது. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள்.
- தனியாகக் கிளம்பி யாரிடமும் சொல்லாமல் இருப்பது. வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

வீடு திரும்பியதும்

1. கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு உட்பட ஒருமுறை பாருங்கள். முள், கீறல், கொப்புளம் இருக்கும்.
2. அன்றே வழியைக் குறிப்பெடுங்கள். எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம், நிழல் எங்கே, தண்ணீர் வாங்க முடிந்தது எங்கே, நாய் குரைத்த தெரு எது.
3. தெருவிளக்கு எரியாத இடம், மூடியில்லாத வடிகால், உடைந்த கரை கண்டிருந்தால் அந்த ஊராட்சிக்கு எழுதுங்கள். நெடுஞ்சாலைக் குறை என்றால் 1033-க்குச் சொல்லுங்கள். அதே ஓரத்தில்தான் ஷிஃப்ட் முடித்த தொழிலாளியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் தினமும் நடக்கிறார்கள். உங்கள் ஒரு புகார் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.
4. அடுத்த நடைக்கு இன்னொருவரை அழைத்துப் போங்கள். வழி தெரிந்த நீங்கள் கடைசியில் நடங்கள். அவரை முன்னால் விடுங்கள், திருப்பங்களை அவரே கண்டுபிடிக்கட்டும்.